தண்ணீர் கேட்காத செடிகள்

"தண்ணி ஊத்தாம இருக்கறதுக்கு எவனாவது சம்பளம் குடுப்பானா? ஒயுங்கா படி."

அம்மா இப்படிச் சொன்னபோது எனக்குப் பத்து வயது. என் கையில் ஒரு காகிதம் இருந்தது. அதுவரை எங்கள் குடும்பத்துக்கு ஒரு காகிதம் வந்தால் அதை வெளியாள் யாரிடமாவது கொண்டுபோய்க் காட்டுவதுதான் வழக்கம். ரேஷன் கடைக்காரர், தபால்காரர், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவர், யார் கிடைத்தாலும் சரி. முதல்முறையாக ஒரு காகிதம் வீட்டு வாசலைத் தாண்டாமல் வீட்டுக்குள்ளேயே படிக்கப்பட்டது. படித்தவள் நான். முதல் வரியைப் படித்து முடிக்கும் முன்பே என் படிப்பின்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

எங்கள் ஊர் ஆந்திர எல்லையில், பிச்சாட்டூருக்குப் பக்கம். நைனாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். இரண்டு வருடம் தொடர்ந்து மழை தவறியதும் நைனா திருப்பதிக்கு சென்ட்ரிங் வேலைக்குப் போனார். அப்போது திருப்பதியில் தெருவுக்குத் தெரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. கோயில் உத்தியோகத்தில் இருந்தவர்களின் பிள்ளைகள் கம்ப்யூட்டர் படித்து பெங்களூர் போனார்கள், பெங்களூரிலிருந்து அமெரிக்கா போனார்கள், அங்கிருந்து பணம் அனுப்பி அப்பாவின் ஓட்டு வீட்டை இடித்து மாடி வீடு கட்டினார்கள். அந்த மாடிகளுக்குத்தான் நைனா பலகை அடித்தார்.

ஆறு மாதம் கழித்து அம்மாவும் நானும் போய்ச் சேர்ந்தோம். அம்மாவுக்கு ஒரு மாமி வீட்டில் வேலை கிடைத்தது. வைஷ்ணவக் குடும்பம். மாமியின் கணவர் கோயிலில் கைங்கரியம் செய்துவந்தவர், காலமாகிவிட்டார். ஒரே மகன் அமெரிக்காவில். கீழ் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மாடியில் மாமி தனியாக இருந்தார். கொல்லையில் ஒரு அடிபம்பு, அதற்குப் பின்னால் ஒரு சிறிய அறை. அந்த அறை எங்களுக்கு. வாடகை இல்லை, அம்மாவின் வேலைக்கு அதுவும் சேர்த்தி.

அறையிலிருந்து பள்ளிக்கூடத்து மணி கேட்கும். அவ்வளவு பக்கம் என்பதால்தான் என்னைப் பள்ளியில் சேர்த்தார்கள். அறை போனால் நான் ஊருக்குத் திரும்பிச் சித்தப்பா வீட்டு ஆடுகளை ஓட்ட வேண்டியதுதான். இதை யாரும் மறைத்துப் பேசவில்லை. ஊரிலிருந்து வரும் சித்தப்பாவே, "ஆடுங்க உன்னதான் கேக்குது பாப்பா, எப்ப வர?" என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

ஊரில் மூன்றாவது வரை தமிழ்ப் பள்ளியில் படித்தேன். திருப்பதியில் எல்லாம் தெலுங்கு. முதல் மாதம் பூராவும் சுவரைப் பார்ப்பதுபோலப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வருடக் கடைசியில் வகுப்பில் என்னைவிட வேகமாகப் படிப்பவர்கள் இரண்டு பேர்தான் இருந்தார்கள். இதை நான் இப்போதும் சொல்லிக்கொள்வேன், சொல்லிக்கொள்ள வெட்கமில்லை.

மாமியின் மொட்டைமாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்ற வீடுகளின் மாடியில் ரோஜா, செம்பருத்தி, துளசி என்று இருக்கும். மாமி மாடியில் பதினோரு அகலமான மண்தட்டுகள், தண்ணீர்த் தொட்டியின் நிழலில். அவற்றில் மண்ணைவிட மணலும் சரளையும்தான் அதிகம். அதில் வளர்ந்தவற்றைச் செடி என்று சொல்லவே முதலில் எங்களுக்குத் தோன்றவில்லை. ஒன்று ஊறவைத்த பச்சைப்பயறு மணிகளைத் தரையில் கொட்டியதுபோல் படர்ந்திருந்தது. இன்னொன்றுக்கு நுனி சிவந்த, விரல் நகம் அளவு இலைகள், தொட்டால் கோவைப் பிஞ்சு மாதிரி இருக்கும். ஒன்று தட்டின் விளிம்பைத் தாண்டி ஜடை பின்னியதுபோலத் தொங்கியது. கல்லில் வளருவதால் கல்லுச்செடி. மகன் பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் மலர்க்காட்சியில் வருடத்துக்கு ஒன்றிரண்டாக வாங்கி வந்தவை. மகன் கடல் கடந்து போய்விட்டார், தட்டுகள் இங்கே இருந்தன.

அம்மாவுக்கு அவற்றின்மேல் மரியாதை கிடையாது. "தலையில வெக்கிற பூவும் இல்ல, கொழம்புல போடற காயும் இல்ல. ஆடுகூடத் துன்னாது. இன்னாத்துக்கு இது?" என்பாள்.

மாலையில் அம்மா மாடியைப் பெருக்கும்போது நானும் போவேன். மாமி ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருப்பார். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மணலில் விட்டுப் பார்ப்பார். குளிர்ச்சியாக இருந்தால் எழுந்துபோய்விடுவார். பெரும்பாலும் எழுந்துதான் போவார். இலை உதிர்ந்து கிடந்தால் எடுத்து எறிய மாட்டார், காய்ந்த மணல்மேல் படுக்கவைப்பார். புதைப்பதில்லை, தண்ணீர் தெளிப்பதில்லை. சில நாளில் இலையின் காம்புப் பக்கத்திலிருந்து இளஞ்சிவப்பு நூல்போல வேர் கிளம்பும். மாமி எனக்கு எதையும் சொல்லித்தரவில்லை. நான் அங்கே நின்றது அவர் கண்ணில் பட்டதா என்பதே சந்தேகம்.

அந்தக் கோடையில் ஊர் ஜாத்திரைத் திருவிழாவுக்காக நாங்கள் ஐந்து நாள் போயிருந்தோம். திரும்பி வந்தபோது மாடி பூட்டிக் கிடந்தது. அமெரிக்காவில் மருமகளுக்கு நாள் முன்னதாகவே பிரசவம் ஆகிவிட்டதாம், டிக்கெட்டை மாற்றிக்கொண்டு மாமி அவசரமாகக் கிளம்பிவிட்டார். வருவதற்கு மூன்று மாதம் ஆகும். கீழ்வீட்டில் குடியிருந்தவர் எங்களிடம் சாவியையும், பழைய கல்யாணப் பத்திரிகைக் கவரில் போட்டு ஒட்டிய ஒரு காகிதத்தையும் கொடுத்தார். அவர் தெலுங்குக்காரர், கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று மாதமும் அம்மாவின் சம்பளம் அவர் கையிலிருந்துதான் வரும். "நேனு சூஸ்துண்டானு" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். நான் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று அர்த்தம். எதைப் பார்ப்பார் என்று சொல்லவில்லை. அவருடைய சாய்வு நாற்காலி கொல்லைப்புற ஜன்னலோரம் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் அடிபம்பும் மாடிப்படியும் தெரியும்.

மாமி வீட்டில் பேசுவது தமிழ். பள்ளியில் படித்தது தெலுங்கு, அதனால் எழுதுவது தெலுங்கில்தான். காகிதத்தை நான் சத்தமாகப் படித்து, வரிக்கு வரி தமிழில் சொன்னேன்.

செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். வெயில் காலத்தில் இவை தூங்கும், ஊற்றினால் அழுகிவிடும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். இலை சுருங்கியிருந்தால் மட்டும் தட்டுக்கு ஒரு டம்ளர், அதுவும் சாயங்காலத்தில். மழை வந்தால் தகரத்தை இழுத்து மூடவும். எரு, கழுநீர் எதுவும் வேண்டாம். உதிர்ந்த இலையை மணல்மேல் போட்டுவைக்கவும். சும்மா விட்டால் பிழைத்துக்கொள்ளும்.

அம்மா நம்பவில்லை. மூன்றுமுறை படிக்க வைத்தாள். மூன்றுமுறையும் அதே காகிதம் அதையே சொன்னது.

"போன வருசம் வரைக்கும் தமிழ் படிச்சிக்கினு இருந்தவ. ஒரு வருசத்துல தெலுங்கு வந்துடுமா?" என்றாள்.

நைனா வேலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். "பெரிய வூட்டுச் செடிங்க இல்ல? அதுங்களுக்கும் ஏகாதசி போல" என்றார்.

"நீ சும்மா இரு. பட்டினி கெடக்கிற செடிக்குக் காவலாம், அதுக்குச் சம்பளமாம். கேக்கறவங்க சிரிப்பாங்க."

ஆனாலும் அம்மா எட்டு நாள் ஊற்றவில்லை. காலையில் மாடி வீட்டைத் திறந்து கூட்டி, சாமி விளக்கைத் துடைத்து, பூட்டிவிட்டு வந்தாள். தட்டுகளின் பக்கம் போகவில்லை. நான் மட்டும் போய் மாமியைப் போல விரலை விட்டுப் பார்த்துவிட்டு, மாமியைப் போலவே எழுந்து வந்தேன். என் படிப்புக்கு ஒரு குடும்பமே கட்டுப்பட்டு நடந்த நாட்கள் அவை. அந்த எட்டு நாளும் நான் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன்.

ஒன்பதாம் நாள் காலை அம்மா எங்கள் குடிதண்ணீருக்காக ஒரு குடம் மட்டும் அடித்துக்கொண்டு அறைக்குத் திரும்பினாள். பழைய பம்பு அது. கைப்பிடியை அழுத்தும்போது எழும் கீச்சொலி மூன்று வீடு தள்ளிக் கேட்கும். ஜன்னலிலிருந்து குமாஸ்தா கூப்பிட்டார்.

"ஏமம்மா, ஒக்க பிந்தெதோ சரியா? அம்மகாரு லேரனி செலவா?"

ஒரு குடத்தோடு சரியா, வீட்டுக்காரம்மா இல்லை என்பதால் லீவா என்று கேட்டார். அம்மா தனக்குத் தெரிந்த தெலுங்கில், செடிகளுக்குத் தண்ணீர் வேண்டாம் என்று மாமியே எழுதியிருப்பதாகச் சொன்னாள்.

அவர் சிரித்தார். கோபமான சிரிப்பு இல்லை, உண்மையிலேயே சிரிப்பு வந்துதான் சிரித்தார். "செட்லகு நீள்ளு ஒத்தா? ஜீதம் மாத்ரம் காவாலா?"

செடிக்குத் தண்ணீர் வேண்டாம், சம்பளம் மட்டும் வேண்டுமா.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். காகிதம் என் தெலுங்குப் பாடப் புத்தகத்துக்குள் பத்திரமாக இருந்தது. எடுத்துவந்து காட்டிவிட்டால் தீர்ந்தது. நான் அறைப் பக்கம் திரும்பியதும் அம்மா என் தோளைப் பிடித்து, ஜன்னலுக்குத் தெரியாதபடி முதுகில் அழுத்தமாகக் கிள்ளினாள். தடம் இரண்டு நாள் இருந்தது. என் படிப்பை அவள் இன்னும் நம்பவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று முதல் தினமும் காலை ஆறு மணிக்குப் பம்பு சத்தம் போட்டது. இரண்டு குடம், பதினெட்டுப் படி, பதினோரு தட்டு. நான் படியில் குறுக்கே நின்று பார்த்தேன். "அழுகிடும்னு எழுதிக் கீது" என்றேன். அழுதும் பார்த்தேன். "வெலகுடி. பெரிய கலெக்டரு வந்துட்டா" என்று குடத்தோடு தாண்டிப் போனாள்.

இதில் கொடுமை என்னவென்றால், செடிகள் முதலில் அம்மா பக்கம் சேர்ந்துகொண்டன. ஒரு வாரத்தில் இலையெல்லாம் உப்பி, எண்ணெய் தடவியதுபோல் மினுங்கின. அம்மா நைனாவை மாடிக்கு அழைத்துப் போய்க் காட்டினாள். "பாரு, எப்டி கொழுத்துக் கீதுங்க! இதுங்களப் போயி பட்டினி போடணுமாம்." கீழே இறங்கும்போது நைனா என் தலையைத் தட்டினார். ஆறுதலா கிண்டலா என்று தெரியவில்லை.

கொழுத்த செடிகளைப் பார்த்ததும் அம்மாவுக்கு அவற்றின்மேல் பிரியமே வந்துவிட்டது. அரிசி கழுவின தண்ணீரைச் சேர்த்து ஊற்றினாள். மோர்ப் பாத்திரம் கழுவினதையும் ஊற்றினாள். வெயில் படக்கூடாதென்று ஈரச் சாக்கை மேலே போர்த்தினாள். பச்சைப் பிள்ளைக்குச் செய்வதுபோல எல்லாம் செய்தாள். எங்கள் ஊரில் ஒரு செடியைக் காப்பாற்றுவதென்றால் அதுதான் வழி. தண்ணீர் இல்லாமல் செத்த பயிரைப் பார்த்திருக்கிறோம். தண்ணீரால் செத்ததை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

மூன்றாவது வாரம் இலைகள் கண்ணாடிபோல ஆயின. உள்ளே இருப்பது தெரிகிறமாதிரி ஒரு மஞ்சள். சாக்கை விலக்கினால் பட்ட காற்றுக்கே பொலபொலவென்று உதிர்ந்தன. தண்டு அடியில் கறுத்தது. அம்மா வெயில் என்றாள், இன்னொரு குடம் கூடுதலாகக் கொண்டுபோனாள். பிறகு அந்த வாடை வந்தது, ஊறிப்போன வைக்கோல் வாடை.

நான் செய்த காரியம் ஒன்று உண்டு. உதிர்ந்தவற்றில் கெட்டியாக இருந்த இலைகளைப் பொறுக்கினேன். நைனா வேலை செய்த இடத்திலிருந்து காய்ந்த ஆற்றுமணல் கொண்டுவரச் சொன்னேன். மூன்று கொட்டாங்குச்சிகளில் மணலை நிரப்பி, இலைகளைப் படுக்கவைத்து, கொல்லைக் குளியலறையின் தகரக்கூரைமேல் சுவரோரமாக வைத்தேன். ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை. அம்மாவுக்குச் சொல்லவில்லை. பன்னிரண்டாம் நாள் வேர் தெரிந்தது. கூரை ஓரம் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கும்போது எனக்குச் செடி பிழைத்த சந்தோஷத்தைவிட, நான் படித்தது சரி என்ற சந்தோஷம்தான் அதிகம்.

அதற்குள் நாலு தட்டுகள் கூழாகிவிட்டன. ஒருநாள் அம்மா தட்டில் விரலை விட்டாள். விரல் கறுப்பாக வெளியே வந்தது. நீ படித்தது சரிதான் என்று சொல்வாள் எனக் காத்திருந்தேன். அவள் முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு கீழே போனாள்.

மறுநாளும் ஆறு மணிக்குப் பம்பு சத்தம் போட்டது. இரண்டு குடம் மேலே போயிற்று. ஆனால் தட்டுகளுக்கு ஊற்றவில்லை. மொட்டைமாடித் தரையைக் கழுவினாள். அதற்கடுத்த நாளும் கழுவினாள். கழுவித் திரும்புவதற்குள் காய்ந்துவிடும் அந்த வைகாசி வெயிலில், தூசிகூட இல்லாத தரையை, தினமும் இரண்டு குடம் தண்ணீர் சுமந்துபோய்க் கழுவினாள்.

"செடிக்குத்தான் ஊத்தறது இல்லியே, எதுக்கும்மா பம்பு அடிக்கற?" என்று கேட்டேன்.

"சத்தம் வரணும்" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தோற்றுப்போனவர்கள் வீம்புக்குச் செய்வது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடி பிறந்ததும் மாமி வந்தார். பெட்டிகள் வாசலிலேயே இருக்க, கால்கூடக் கழுவாமல் மாடிக்கு ஏறினார். பின்னாலேயே அம்மா, அவள் பின்னால் நான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு உதவிக்கு வந்த குமாஸ்தாவும் மேலே வந்து நின்றார். பதினொன்றில் மூன்று தட்டுகளில்தான் பச்சை இருந்தது. ஜடைபோலத் தொங்கியது தண்டோடு போயிருந்தது. அது மகன் கடைசியாக வாங்கித் தந்தது என்று பின்னால் தெரிந்தது.

"யாரு இப்படி ஜலம் விட்டது? நான் தெளிவா எழுதி வெச்சிட்டுத்தானே போனேன்?" என்றார் மாமி. குரலை உயர்த்தவில்லை.

அம்மா சொன்னாள்: "பாப்பா தப்பா படிச்சிட்ச்சி மாமி. தெனம் ஊத்தணும்னு சொல்லிச்சி. சின்னப் புள்ள, அதுக்கு இன்னா தெரியும்."

மாமி திரும்பி என்னைப் பார்த்தார். "பாவம், அவளுக்குத் தெலுங்கு இன்னும் சரியா வரலை போலிருக்கு" என்றார்.

அந்தப் பாவம் என்ற சொல்லைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. படியிறங்கி ஓடினேன். பாடப் புத்தகத்திலிருந்து காகிதத்தை எடுத்தேன். கூரைமேலிருந்து ஒரு கொட்டாங்குச்சியையும் எடுத்துக்கொண்டு மூச்சிரைக்க மேலே வந்தேன். கொட்டாங்குச்சியை மாமியின் காலடியில் வைத்துவிட்டு, பள்ளியில் நிற்பதுபோல நேராக நின்று, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை தெலுங்கில் படித்தேன். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினேன். ஒரு எழுத்து தடுக்கவில்லை. பிறகு, "மொதல் நாளே இப்டித்தான் படிச்சேன். அம்மாதான் கேக்கல" என்றேன்.

"பாகா சதிவிந்தி!" என்றார் குமாஸ்தா. நன்றாகப் படித்தாள் என்று. ஊரில் தமிழும் இங்கே தெலுங்குமாகப் படித்து நான் வாங்கிய முதல் பாராட்டு அது.

மாமி கொட்டாங்குச்சியை எடுத்து, வேரைப் பார்த்தார். அப்புறம் அம்மாவிடம் கேட்டார்: "தெரிஞ்சேதான் விட்டியா?"

அம்மா அழுகின தட்டு ஒன்றை எடுத்துக் கவிழ்த்து, துடைப்பக் குச்சியால் சுரண்ட ஆரம்பித்தாள்.

யாரும் எங்களைத் துரத்தவில்லை. அடுத்த வாரம் மாமி, இனிமேல் செடிகளைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அதற்கடுத்த வாரம், கொல்லை அறையில் பழைய சாமான்களைப் போட வேண்டியிருக்கிறது என்றார். மாதக் கடைசியில் சந்திரகிரி ரோட்டில் நைனா வேலை செய்த கட்டடத்துக்குப் பக்கத்தில், மூன்று பக்கம் தகரமும் ஒரு பக்கம் கோணியுமாக ஒரு கொட்டகைக்குப் போனோம். அம்மா அதே கட்டடத்தில் சித்தாளாகச் சேர்ந்து கலவைச் சட்டி தூக்கினாள். சித்தப்பா ஒருமுறை வந்து, ஆடுகளைப் பற்றி இந்தத் தடவை சிரிக்காமல் பேசினார். "அவ படிக்கட்டும்" என்று அம்மா ஒரு வார்த்தையில் முடித்துவிட்டாள். பள்ளிக்கு நான்கு கிலோமீட்டர். தினமும் நடந்தேன். பாகா சதிவிந்தி என்ற சொல் காதில் இருந்ததால் தூரம் தெரியவில்லை. என் கட்சி ஜெயித்த கட்சி என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

அந்தக் கோடையில் என் அம்மா என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது எனக்கு வேலை கிடைத்த பிறகுதான் புரிந்தது. தாவரவியல் படித்தேன். சித்தூரில் ஒரு விதைக் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் சேர்ந்தேன். முளைப்பு பார்க்கும் வேலை. விதையைத் தட்டில் பரப்பி முளைப்புப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் பிறகு நாள்கணக்கில் அதைத் தொடக்கூடாது. தொடாமல் இருப்பதுதான் வேலை. சேர்ந்த இரண்டாம் வாரம் மேனேஜர் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நடந்து வந்தார். நான் காலையிலேயே துடைத்து வைத்திருந்த மைக்ராஸ்கோப்பை எடுத்து மறுபடியும் துடைக்க ஆரம்பித்தேன். அவர் போனதும் நிறுத்தினேன். துணி கையில் இருந்தது. சத்தம் வரணும் என்று யாரோ சொன்னதுபோல் இருந்தது.

அம்மா என்னை நம்பித்தான் எட்டு நாள் செடிகளுக்காகப் பம்பை அடிக்காமல் இருந்தாள். ஒன்பதாம் நாள், என்னையும் நம்பிக்கொண்டு அந்த ஜன்னலையும் சமாளிக்க வேண்டி வந்தது. காகிதத்தை குமாஸ்தாவிடம் காட்டியிருந்தால் அவர் நம்பியிருப்பார், சந்தேகமில்லை. நம்பிவிட்டு, செய்ய வேலை இல்லாதவளுக்குச் சம்பளம் எதற்கு, அறை எதற்கு என்று அமெரிக்காவுக்கு ஒரு வரி எழுதியிருப்பார். அந்த வரி எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும். கடைசியில் செடிகள் போனபோது பழியை என்மேல் போட்டாள். எனக்குச் சம்பளம் இல்லை, பறிபோக வேலை இல்லை. பத்து வயதுப் பிள்ளை தப்பாகப் படித்தால் பாவம் என்பார்கள், அத்தோடு போயிற்று. எங்கள் மூன்று பேரில் அந்தத் தப்பைச் சேதமில்லாமல் வாங்கிக்கொள்ளக்கூடியவள் நான் ஒருத்திதான். அதை வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று காகிதத்தோடு ஓடி வந்தேன்.

போன மாதம் நைனா போன் செய்தார். இப்போது அவர் மேஸ்திரி, ஆறு பேரை வைத்து வேலை வாங்குகிறார். "நம்ம மாமி வூட்ட இடிக்கப் போறாங்க பாப்பா. அஞ்சு மாடியாம். சென்ட்ரிங் நம்மளுதுதான். மாமி கையெழுத்துப் போட அமெரிக்காவுலேந்து வந்து கீறாங்க."

பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "நான் அங்க சோறு எடுத்துக்கினு வர மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். அந்த மாமி மூஞ்சில எப்டி முழிக்கிறது?"

"உங்கம்மா மார்க்கெட்டுக்குப் போனாலும் அந்தத் தெருவ சுத்திக்கினுதான் போவா" என்றார் நைனா. "உனக்குத் தெரியாதா?"

தெரியாது. பதினைந்து வருடத்தில் எனக்கு அது தெரியவே இல்லை.

லீவு போட்டுவிட்டு திருப்பதிக்கு பஸ் ஏறினேன். பஸ்ஸில் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பம்பு, ஜன்னல், குமாஸ்தாவின் சிரிப்பு. குமாஸ்தா இறந்து பல வருடம் ஆகிறது. இல்லாதவர்மேல் ஒரு கதை சொல்வதுபோல் ஆகிவிடும். அதோடு, பம்பு சத்தத்தை மாமிக்கு விளக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒருநாளும் கூலிக்கு அதை அடித்தவர் இல்லை. சந்திரகிரி தாண்டும்போது என்ன சொல்வதென்று முடிவு செய்துவிட்டேன்.

மாமி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். வயதாகிவிட்டது. என்னைச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. கொல்லை அறை என்றதும், "நீ அந்தப் படிக்கிற பொண்ணுதானே!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன ஸ்பஷ்டமாப் படிச்சே அன்னிக்கு! அமெரிக்காவுலகூட எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன்." என் வேலையைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். காப்பி கொடுத்தார். பிறகு அவராகவே ஆரம்பித்தார்.

"செடி போனதுகூட எனக்குப் பெரிசில்லை. ஆனா உங்கம்மா குழந்தைமேலே பழி போட்டாளே, அதுதான் எனக்கு மனசு ஒப்பலை. அதனாலதான் வேண்டாம்னு விட்டுட்டேன்."

"மாமி, அந்தக் காகிதத்த மொதல்ல நான் தப்பாத்தான் படிச்சேன்" என்றேன். "தெனமும் ஊத்தணும்னுதான் அம்மாகிட்ட சொன்னேன்."

மாமி கண்ணாடியைக் கழற்றினார். "என் முன்னாடி ஒரு எழுத்து தப்பாம படிச்சியேடி?"

"அந்த மூணு மாசத்துல கத்துக்கினேன் மாமி. அதுக்கு முன்னாடி எனக்குத் தெலுங்கு சரியா தெரியாது. மொதல் நாளே சரியா படிச்சேன்னு அன்னிக்குச் சொன்னதுதான் பொய்."

அவர் என்னை நன்றாகப் பார்த்தார். நான் அன்று மாடியில் நின்றதுபோலவே நேராக உட்கார்ந்திருந்தேன்.

"அப்போ அவ சொன்னது நிஜம்தானா?"

"நிஜம்தான் மாமி. எங்கம்மா பொய் சொல்லல."